தலைகீழாப் போறப்ப மட்டும்

உக்காருங்க சார். அந்தச் சேர் ஆடும், இதுல உக்காருங்க. என்ஜினைத் துணியோடவே மேசை மேல வைங்க, சித்த நேரம் கழிச்சுப் பிரிச்சுப் பாத்துக்கலாம்.

இதுக்குன்னே சேலத்துல பஸ் ஏறி வந்தேங்கறீங்க. பிராங்க்ளின் சார்தான் விலாசம் குடுத்தாருங்களா? அவரு குடுத்தாருன்னா பெரிய மனசுதானுங்க. குட்டிப் பிளேன் கிளப்புல அத்தன பேருக்கு முன்னாடி நான் அவரைப் பேசுன பேச்சுக்கு, வேற ஒருத்தரா இருந்தா எம்பேரையே எடுத்திருக்க மாட்டாங்க.

மட்டமாப் பறக்கறப்ப நல்லா ஓடுது, குட்டிக்கரணம் போட்டாலும் நல்லா ஓடுது. தலைகீழாப் போறப்ப மட்டும் எண்ணெய் பத்தாம லீனாகிக் கத்துது, ரெண்டு சுத்துல சூடேறி நின்னு போகுது. அதானுங்களே நீங்க சொன்னது? டாங்கு உசரம் சார். டாங்கு ஒரு நூல் மேல ஏறி உக்காந்திருக்கும். நேராப் போறப்ப எண்ணெய் மேலருந்து தாராளமா எறங்குது. கவுந்துட்டா டாங்கு கீழ போயிருதில்லீங்களா, அப்ப என்ஜின் உறிஞ்சி இழுக்கோணும், பத்தாமப் போயிரும். டாங்குக்கு அடில முட்டுக் குடுத்திருக்கற அட்டைல ஒண்ணை உருவுனீங்கன்னா சரியாயிரும். அஞ்சு நிமிச வேலை.

அந்த அஞ்சு நிமிச வேலையோட நான் அஞ்சு மாசம் மல்லுக்கட்டுனேன். சிரிக்காதீங்க. நீங்க சிரிக்கல, எனக்குத்தான் அப்படித் தோணுது. உங்க பஸ் எத்தன மணிக்கு? நாலரைக்கா, அப்ப நேரமிருக்குது. காப்பி வச்சுட்டு வரேன், இருங்க.

எங்கூட்டுக்காரரு பேரு வெள்ளிங்கிரி. பம்ப் கம்பெனில டூல் ரூம்ல பிட்டர். நானும் அதே கம்பெனிதான், மோட்டார் வைண்டிங். இருபத்திரண்டு வருசம் செம்புக் கம்பி சுத்துனேன். மோட்டாரு ஓடற சத்தத்தை வச்சே எந்தக் காயில்ல குத்தம்னு சொல்லிருவேன். சூப்பர்வைசர் மீட்டரைத் தூக்கிட்டு வரதுக்குள்ள நான் சொல்லிருப்பேன். பெருமைக்குச் சொல்லல, என்ற காது அப்படி.

கல்யாணமாகி ஆறேழு வருசம் கழிச்சுத்தான் அவருக்கு இந்தப் பிளேன் கிறுக்கு வந்துது. ஞாயித்துக்கிழமையானா இருகூரு தாண்டி ஒரு காலி மைதானத்துக்குப் போயிருவாரு. நானும் ஒருக்கா தூக்குப்போசில சோறு கொண்டுட்டுப் போனேன். பாத்தா, இவரு நடுவுல நின்னு கைப்பிடியைப் புடிச்சிருக்காரு, அறுபதடி நீளத்துக்கு ரெண்டு கம்பி, அந்தக் கம்பி முனைல பிளேன். பிளேன் இவரைச் சுத்தி வருது, இவரும் அதுகூடவே சுத்தறாரு. செக்கு மாட்டுக்கு றெக்கை மொளைச்ச மாதிரி இருந்துது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. ஆனா சத்தம் சரியில்ல. அது மட்டும் கேட்டவுடனே தெரிஞ்சுது. எறங்கினப்பறம் சொன்னேன், "ஏனுங்க, அதுக்கு மூச்சு முட்டுது. எண்ணெய் விடற அந்த ஊசியை அரைத் திருகு தொறந்து விடுங்க"ன்னு. தொறந்தாரு. அடுத்த தாட்டி பறந்து எறங்கிட்டு என்னைப் பாத்தாரு பாருங்க, கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படிப் பாக்கல.

அன்னையிலிருந்து என்ஜின் எம்பொறுப்பு, பறக்கறது அவரு பொறுப்பு. எண்ணெய் நான்தான் கலக்குவேன், மெத்தனாலும் விளக்கெண்ணெயும். தகரத்தை வெட்டிப் பத்த வச்சு டாங்கு நான்தான் செய்வேன். மைதானத்துல விரல்ல தோலுறை மாட்டிக்கிட்டுக் காத்தாடியைத் தட்டி விட்டு, ஊசியைத் திருகி, சத்தம் புடிச்சு, பிளேனைப் புடிச்சுட்டு நிப்பேன். அவரு நடுவுல இருந்து கையைத் தூக்குனா விடுவேன். இருபத்தாறு வருசம் சார். அந்தச் சத்தம் எப்படி இருக்கோணும்னு உங்களுக்குத் தெரியும். மட்டமாப் போறப்ப தொண்டையைக் கனைச்சுக்கிட்டே போகோணும். மூக்கைத் தூக்குனா குரல் ஒசரோணும். மறுபடி மட்டத்துக்கு வந்தா மறுபடி கனைப்புக்கு வந்துரோணும். அதைக் கொண்டு வரதுக்கு எத்தனை ஞாயித்துக்கிழமை.

எங்களுக்குள்ள பேச்சுன்னா அதானுங்க. வேற என்னத்தப் பேசறது? ஒரே பொண்ணு யமுனா, அவளும் நர்ஸு படிச்சு ஈரோட்டுல கட்டிக்குடுத்தாச்சு. அவரு கம்பெனி விட்டு வந்தா யூனியன் ஆபீஸு, டீக்கடை. ரிட்டயர்டு ஆன பொறவும் பொழுதோட வெளிய போயிருவாரு. ஞாயித்துக்கிழமைதான் ரெண்டு பேரும் ஒரே வண்டில போவோம். ஊசி, பிளக்கு, காத்து எந்தப் பக்கம், இதைத்தான் பேசிட்டுப் போவோம். எனக்கு அது போதும்னு இருந்துது. அவருக்கும் போதும்னுதான் நெனச்சேன்.

போன வருசம் ஆடியில ஆரம்பிச்சுதுங்க. தலைகீழாப் போயிட்டிருந்த பிளேன் சடார்னு தரைக்கு ஒரு மொழம் வரைக்கும் வந்துருச்சு. எப்படியோ தூக்கிட்டாரு. எறங்குன பொறவு நான் ஓடிப்போயி, "என்னாச்சுங்க?"ன்னேன். மூஞ்சியெல்லாம் வேர்த்துப்போயி நிக்கறாரு.

"என்ஜின் காலை வாரிருச்சு புள்ள. தலைகீழா லீனாகுது."

"எனக்குக் கேக்கலியே."

"நீ அக்கட்ட நின்ன. காத்து எதுக்கால அடிச்சுது."

எனக்குக் கேக்கலதான். ஆனா அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். தலைகீழா கவுத்தாரு. நெசமாவே குரல் ஏறுது. லீன். அட, மனுசன் சொன்னது சரின்னு எனக்கே வெக்கமாப் போச்சு. இருபத்தாறு வருசத்துல மொத தாட்டி எனக்கு முன்னாடி அவரு ஒரு பழுதைக் கண்டுபுடிச்சிருக்காரு.

அப்பறம் விடுவனுங்களா? பிளக்கை மாத்துனேன். எண்ணெய்க் கொழாயை மாத்துனேன். வடிகட்டியைப் பிரிச்சுக் கழுவுனேன். டாங்கை உருவித் தண்ணில முக்கி ஊதிப் பாத்தேன், ஒரு பொட்டு ஓட்டைகூட இல்ல. டாங்குக்கு அடில நான் வச்சிருந்த அட்டை மூணு, அதுல மெல்லிசா இருந்த ஒண்ணை எடுத்து ரெண்டாக்குனேன். பின்பக்கத்து மூடியில பேக்கிங் புதுசா வெட்டிப் போட்டேன். பிளேனையே மரச் சட்டத்துல தலைகீழாக் கட்டி, கொல்லைல வச்சு ஓட்டிப் பாத்தேன். அருமையா ஓடுது சார். கனைச்சுக்கிட்டு அப்படியே ஓடுது. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து சண்டை போடற வரைக்கும் ஓட்டுனேன்.

ஞாயித்துக்கிழமை மைதானத்துக்குப் போனா, கவுத்தா, லீன்.

வார நாள்ல ஆறு நாளும் நல்லாருக்குது, ஏழாம் நாள் கெட்டுப் போகுது. எந்த என்ஜினாவது கிழமை பாத்துக் கெடுமா சார்? நான் என்ன நெனச்சேன், கொல்லைல ஓட்டறப்ப நான் கலக்குன எண்ணெய், மைதானத்துல கிளப்பு எண்ணெய். அந்தச் சமயம் பிராங்க்ளின் சார்தான் எல்லாருக்கும் சேத்து விளக்கெண்ணெய் வாங்கியாந்து பொதுவாக் கலக்கி வச்சிருந்தாரு. அதுல வேற என்னமோ எண்ணெய் கலந்திருக்குதுன்னு நேரா அவருகிட்டயே போயிட்டேன். "ஊருக்கே கலப்பட எண்ணெய் ஊத்தி எங்க பிளேனைக் கெடுக்கறீங்க, நீங்க செக்ரட்டரியா?"ன்னு கேட்டேன். இன்னும் என்னென்னமோ கேட்டேன். எங்கூட்டுக்காரரு எம்பக்கத்துலதான் நின்னாரு. தலையைக் குனிஞ்சுட்டுக் கம்முனு நின்னாரு. ஒரு வார்த்தை, "விடு புள்ள"ன்னு சொல்லியிருக்கலாமில்ல? சொல்லலியே. அடுத்த வாரம் நான் கலக்குன எண்ணெயையே எடுத்துட்டுப் போனோம். கவுத்தா, லீன்.

ஆனா ஒண்ணு சொல்லோணும். அந்த அஞ்சு மாசம் மாதிரி அவரு வீட்டுல இருந்ததே இல்லீங்க. யூனியன் ஆபீஸ் போறதில்ல, டீக்கடை போறதில்ல. நான் சமையக்கட்டு மேடைல என்ஜினைப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்தா, எதுக்கால ஒரு ஸ்டூலைப் போட்டுக்கிட்டு அவரும் உக்காந்துக்குவாரு. "அடுத்து என்ன பாக்கப் போற?"ன்னு கேப்பாரு. நான் சொல்லுவேன். "அதுவும் இல்லைன்னா?"ன்னு கேப்பாரு. அதுக்கும் சொல்லுவேன். சில நாள் ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம். எனக்கு எரிச்சல்தான் வரும், வெளிச்சத்தை மறைக்காதீங்கன்னு தள்ளி உக்காரச் சொல்லுவேன். தள்ளி உக்காருவாரு. எந்திரிச்சுப் போக மாட்டாரு.

அவரு ஒடம்பைப் பத்திக் கேக்கறீங்களா? ஒடம்புக்கு என்ன, நல்லாத்தான் இருந்தாரு. வெடியால எந்திரிச்சா வாந்தி வரும். அது விளக்கெண்ணெய் நாத்தம், வீடு பூரா அதானே. நான்தான் அதுக்குன்னு கலவையில விளக்கெண்ணெயை நூத்துக்கு இருபதுலருந்து பதினெட்டாக் கொறைச்சேன், என்ஜின் சூடாகுமேன்னு பயந்துக்கிட்டே. டம்ளரைக் கீழ போட்டுருவாரு, கை எண்ணெய்ப் பிசுக்கு. சட்டைப் பித்தானை மாத்திப் போட்டுக்குவாரு, அறுவத்தொரு வயசுக்கு மேல யாருதான் கண்ணாடியைப் பாத்துப் போடறாங்க. நடக்கறப்ப செவுத்தைத் தொட்டுக்கிட்டே நடப்பாரு. வருசக்கணக்கா வட்டமாச் சுத்துனவரு, கொஞ்சம் கிறுகிறுக்கத்தானே செய்யும்? ஒரு நாள் எடது கால் செருப்பு வாசல்லயே கெடக்குது, இவரு ஒத்தைச் செருப்போட கடை வரைக்கும் போயிட்டு வந்திருக்காரு. நான் சத்தம் போட்டேன். "யோசனை எங்க இருக்குது?"ன்னேன். "என்ஜின் மேலதான்"னாரு.

எம்பொண்ணு மேலதான் எனக்கு ஆத்திரம். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் பெத்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்க. கேட்டா, மூணு தாட்டி சொல்ல வந்தேங்கறா. வந்தா, இல்லைங்கல. மொத தாட்டி ஆவணியில வந்தா. "அம்மா, அந்த என்ஜினைக் கீழ வையி, உங்கிட்டப் பேசோணும்"னா. நான் டாங்கைத் தண்ணில முக்கிட்டு இருக்கேன், ஆள் இல்லாமத் தவிக்கறேன். "இதைச் சித்தப் புடி, குமிழி வருதான்னு பாரு"ன்னேன். புடிச்சா. ரொம்ப நேரம் தண்ணியவே பாத்துட்டு இருந்தா. "குமிழி வரலம்மா"ன்னுட்டு பஸ்ஸுக்குப் போயிட்டா. இது சொல்றதாங்க?

ரெண்டாவது, போன் பண்ணுனா. "அப்பா எப்படிம்மா நடக்கறாரு?"ன்னு கேட்டா. "அவரு நடந்தா என்ன, பறந்தா என்ன, இங்க பின்மூடியில பேக்கிங் கசியுது, அப்பறம் பேசு"ன்னு வச்சுட்டேன். திரும்பக் கூப்புட்டிருக்கோணுமில்ல? கூப்புடல.

மூணாவது, ஐப்பசியில, தீவாளிக்கு வந்தவ சமையக்கட்டுல நின்னு அழுதா. நான் மாப்பிள்ளைகூட என்னமோ சண்டைன்னு நெனச்சுக்கிட்டேன். அவளை உக்கார வச்சு, ஆம்பளைங்க அப்படித்தான் இருப்பாங்க, பொறுத்துத்தான் போகோணும், நாங்கெல்லாம் போகலியான்னு ஒரு மணி நேரம் புத்தி சொன்னேன். அவ என்னையவே பாத்தா. "சரிம்மா"ன்னா. வாயைத் தொறந்து சொன்னாத்தானே சார் தெரியும்? நான் என்ன ஜோசியக்காரியா?

மாநிலப் போட்டி மார்கழியில. நம்ம மைதானத்துலதான். அன்னைக்கு யமுனா வந்திருந்தா. என்னைக்குமே மைதானத்துப் பக்கம் வராதவ. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துது. ஆனா எனக்கு இருக்கற வேலைல அதை யாரு யோசிச்சா? பிளேன் மூக்குல டாங்கை மூடற பலகை இருக்குமில்லீங்களா, நாலு திருகாணி போட்டது, அதை ஒருக்கா தொறந்து பாத்துரலாம்னு கையை வச்சேன். அவரு தடுத்துட்டாரு.

"நேத்தே முடிச்சாச்சு. மறுபடி நோண்டாத."

"ஒருக்காப் பாத்துக்கறனுங்க."

"வேண்டாம் புள்ள. திருகாணி எல்லாம் நானே முறுக்கிட்டேன். சத்தம் மட்டும் நீ பாத்துக்க."

எப்பவுமே மைதானத்துல அந்தப் பலகையை முறுக்கறது அவரு வேலை. வீட்டுக்குப் போனவுடனே எண்ணெயைத் தொடைச்சு, பலகையைத் தொறந்து, டாங்கைச் சுத்தம் பண்ணி எங்கையில குடுக்கறதும் அவரு வேலை. அந்த அஞ்சு மாசத்துல அதை மட்டும் ஒரு நாளும் எனக்கு விட்டதில்ல. பிளேன் தொடைக்கறதுல அத்தன அக்கறைன்னு எனக்குப் பெருமையாக்கூட இருந்துது.

தட்டுனேன், ஒரே தட்டுல பத்திக்கிச்சு. ஊசியைத் திருகி சத்தம் புடிச்சேன். அந்த மாதிரி ஒரு சத்தம் அதுக்கு முன்னாடி புடிச்சதில்லீங்க. பனி இருந்துது, காத்தே இல்ல. அவரு நடுவுல போயி கைப்பிடியை எடுத்தாரு. போறப்ப காலைத் தேய்ச்சுத் தேய்ச்சுப் போனாரு. கையைத் தூக்குனாரு, விட்டேன்.

மட்டமா ரெண்டு சுத்து, நல்லாருக்குது. கரணம் மூணும் அடுக்கி வச்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு. பிராங்க்ளின் சார்கூட என்னைப் பாத்துத் தலையாட்டுனாரு. அப்பறம் கவுத்தாரு. குரல் ஏறுச்சு. மறுபடியும் அதே பழுது. நான் பிளேனையே பாத்துட்டு நிக்கறேன், ஒரு சுத்து, ஒண்ணரைச் சுத்து. கம்பி ரெண்டும் தொய்யுது. பிளேன் உள்ளாற பாத்துத் திரும்புது, அப்படியே மூக்கைத் தரைல குத்திருச்சு.

எல்லாரும் ஓடறாங்க. யமுனா கத்திக்கிட்டே ஓடறா. அத்தன பேரும் நடுவுக்கு ஓடறாங்க, நான் ஒருத்திதான் ஓரத்துக்கு ஓடறேன், பிளேனைப் பாத்து. எனக்கு என்ன நெனப்புன்னா, அவருக்கு என்ன ஆயிருக்கும், கிறுகிறுத்து உக்காந்திருப்பாரு, தண்ணி குடுத்தா எந்திரிச்சுருவாரு. பிளேன்ல எண்ணெய் ஊத்திட்டு இருக்கும். யாராவது வந்து தூக்கிட்டாங்கன்னா எது எங்க இருந்துதுன்னு தெரியாமப் போயிரும். பழுது அது உள்ளாறதான் இருக்குது, அது கலையறதுக்குள்ள பாத்துரோணும். அதான் என்ற நெனப்பு. அதுல தப்பில்லைன்னு இன்னைக்கும் சில நேரம் தோணும். சில நேரம் தோணாது.

மூக்கு பேந்து கெடந்துது. பலகை தெறிச்சுப் போச்சு. டாங்கு ரப்பரு மாட்டுனபடியே தொங்குது. அதைத் தூக்குனேன். அடில நான் வச்ச அட்டை ரெண்டும் இருக்குது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு காயிதம். பல மடிப்பா, அட்டை அளவுக்கு வெட்டுன மாதிரி மடிச்ச காயிதம். அது நான் வச்சதில்ல.

உங்களுக்குப் புரியும் சார், நீங்க என்ஜின் தெரிஞ்சவரு. ஒரு நூல் கனம். டாங்கு மேல ஏற அது போதும்.

எண்ணெய்ல ஊறி கண்ணாடி மாதிரி ஆயிருந்துது. மெதுவாப் பிரிச்சேன். ஆஸ்பத்திரிச் சீட்டுங்க. வெள்ளிங்கிரி, வயசு அறுவத்தொண்ணு, தலை ஸ்கேனு. தேதி ஜூலை இருபத்திரண்டு. ஆடி மாசம்.

அப்பத்தான் திரும்பிப் பாத்தேன். மைதானத்து நடுவுல தரைல உக்காந்திருக்காரு. யமுனா அவரு தலையை வயித்தோட சேத்துப் புடிச்சிருக்கா. கைல கைப்பிடி இன்னும் இருக்குது. அத்தன பேரு சுத்தி நிக்கறாங்க, அவங்க காலுக்கு எடையில என்னைத்தான் பாத்துட்டு இருக்காரு. நான் முதுகைத் திருப்பிக்கிட்டு அந்தச் சீட்டை மடிச்சு இடுப்புப் பையில வச்சுட்டேன். ஏன் மறைச்சேன்னு கேக்காதீங்க. எனக்கே தெரியல.

ஆஸ்பத்திரி வராந்தாவுலதான் யமுனா சொன்னா. மூளைல, பின்பக்கம், நெலையா நிக்க வைக்கற எடத்துல கட்டி. ஆடியிலயே தெரிஞ்சுது. அறுத்தாலும் பேச்சும் நடையும் போயிரும், அறுக்காட்டி இத்தன மாசம்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவரு அறுக்க வேண்டாம்னுட்டாரு. அவ தலை மேல கையை வச்சுச் சத்தியம் வாங்கியிருக்காரு, அம்மாகிட்டச் சொல்லக் கூடாதுன்னு.

"ஏன்டி சொல்லக் கூடாது?"

"சொன்னா நீ அன்னைக்கே ஆஸ்பத்திரில படுக்க வச்சிருப்பம்மா."

"வச்சிருப்பேன். அதுல என்ன தப்பு?"

நான் அந்தச் சீட்டை எடுத்துக் காட்டுனேன். அது அவளுக்கே தெரியாது. எண்ணெய் வாசத்தோட கைல வாங்கிப் பாத்தா. எங்க இருந்துதுன்னு சொன்னேன்.

"ஒரு நாள் போன்ல அப்பா சொன்னாரும்மா. நான் கேட்டேன், எத்தன நாளைக்கு அம்மாவுக்குத் தெரியாம இருக்கும்னு. என்ஜின் சரியில்லாத வரைக்கும் தெரியாதுன்னாரு. என்ஜின் சரியாயிட்டா உங்கம்மா என்னையப் பாக்க ஆரம்பிச்சுருவான்னாரு. வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோவம் இருக்குதே. அழுகை வரல சார், கோவந்தான் வந்துது. என்ற என்ஜினை, நான் பாத்துப் பாத்து வச்ச என்ஜினை, ஞாயித்துக்கிழமை காலைல ஒரு சீட்டைச் செருகிக் கெடுக்கறது, வீட்டுக்கு வந்து தொடைக்கறேன்னு உருவிக்கறது. அதை நம்பி நான் பிராங்க்ளின் சாரைத் திட்டி, அக்கம்பக்கத்தோட சண்டை போட்டு, இருபது வாரம் பைத்தியக்காரி மாதிரி. என்னைய முட்டாளாக்கிட்டாருன்னு அந்த வராந்தாவுலயே சத்தம் போட்டேன். யமுனா வாயைப் பொத்தறா. "மெதுவாம்மா, உள்ள கேக்கும்"ங்கறா. கேக்கட்டும்னேன். அவளோட இன்னும் எனக்குப் பேச்சு சரியா வரல. வாராவாரம் வரா, சோறாக்கி வச்சுட்டுப் போறா. நான் இன்னும் மனசு எறங்கல.

அதுக்கப்பறம் தை முழுக்க உசுரோட இருந்தாரு. வீட்டுக்குக் கூட்டியாந்துட்டோம், அந்த ரூம்லதான் கட்டில். பேச்சு கொழறிப் போச்சு, ரெண்டு வார்த்தைக்கு மேல வராது. பிளேன் எங்கன்னு ஒரு நாளும் கேக்கல. நானும் சொல்லல. ஆனா நான் உள்ள போறப்பெல்லாம் எங்கையைத்தான் பாப்பாரு, கைல என்ன இருக்குதுன்னு.

தை கடைசியில ஒரு மத்தியானம். சோத்தைக் கரைச்சு ஊட்டிட்டு வாயைத் தொடைச்சு விட்டேன். என்ற முந்தானையைப் புடிச்சாரு.

"புள்ள."

"சொல்லுங்க."

"அந்தப் பழுது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்குனாரு. "கண்டுபுடிச்சியா?"

சீட்டு என்ற இடுப்புலதான் இருக்குது சார். அன்னைலருந்து அந்தப் பையை நான் கழட்டல. எடுத்து மூஞ்சிக்கு நேரா காட்டோணும்னு எத்தன நாள் நெனச்சிருக்கேன். என்ஜின் விசயத்துல நான் அவருகிட்டப் பொய்யே சொன்னதில்ல. லீன்னா லீன், எண்ணெய் ஜாஸ்தியாகி ரிச்சுன்னா ரிச்சு. அவரு கண்ணைப் பாத்தேன். பயந்துக்கிட்டு இருக்காருங்க. அத்தன பெரிய மனுசன், பரீச்சைல பேப்பர் திருத்தறதுக்குக் காத்திருக்கற மாதிரி பாத்துட்டு இருக்காரு.

"இன்னும் இல்லீங்க. தேடிட்டுத்தான் இருக்கேன்"ன்னேன்.

"டாங்கு?"

"பாத்துட்டேனுங்க. அது சரியாத்தான் இருக்குது."

கண்ணை மூடிக்கிட்டாரு. மூஞ்சி கொஞ்சம் தளந்துது. "அப்பக் கஷ்டந்தான்"னாரு. அப்பறம் ரொம்ப நேரம் கழிச்சு, தூங்கிட்டாருன்னு நான் எந்திரிக்கப் போனேன், முந்தானையை விடல. "உக்காரு"ன்னாரு. "இங்கயே உக்காந்து யோசி."

உக்காந்தேன். யோசிக்கறதுக்கு என்ன இருக்குது. கைல என்ஜினும் இல்ல, ஊசியும் இல்ல. அவரு மூஞ்சியத்தான் பாத்துட்டு உக்காந்திருந்தேன். எடது பக்கம் உதடு கீழ எறங்கியிருந்துது. அந்தப் பக்கத்துக் கண்ணு தூக்கத்துலயும் முழுசா மூடல. நெத்தியோரம் ஒரு பக்கம் முடி கொட்டி, தோல் மினுமினுன்னு இருந்துது. அதெல்லாம் எத்தன நாளா அப்படி இருந்துதோ, எனக்குத் தெரியலீங்க சார்.